மூன்றாவது ஜெபக் குறிப்பு

அந்த வெளிநாட்டு ஊரில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் மொத்தம் மூன்றே பேர். மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள்: மிஷனரி ஐயா, அவர் மனைவி, அவர்களுடைய ஒரே மகள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தமிழில் எழுதினால் இங்கே ஈ காக்கைக்கும் தெரியாது என்ற நினைப்புதான் பிறகு நடந்ததற்கெல்லாம் காரணம்.

ஐயா வந்து பதினாறு வருஷம் ஆகியிருந்தது. ஆனால் ஊருக்குள் அவரைவிட அவர் மனைவிக்குத்தான் பேர். ஊசியம்மா வீடு என்றால் பஸ் டிரைவருக்குக்கூடத் தெரியும். கல்யாணமான ஆறாம் மாதம் இந்த ஊருக்குக் கிளம்பியபோது, தையல் மெஷினின் தலையை மட்டும் கழற்றிப் பழைய போர்வையில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தவள் அவள். கால் வைத்து மிதிக்கிற பாகத்தை இங்கே ஒரு கொல்லனைப் பிடித்துச் செய்து வாங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பதினாலு பேர் வருவார்கள். மழை பெய்தால் ஒன்பது. புதன்கிழமைத் தையல் வகுப்புக்கு இருபது பேர் வருவார்கள். மழை பெய்தால் இருபத்திரண்டு. ஐயாவுக்கு இது கொஞ்சம் உறுத்தல்தான். ஆனாலும் நல்ல மனுஷர், வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். புதன்கிழமை காலையில் நாற்காலிகளை எடுத்துப் போடுவார், மெஷின்களுக்கு எண்ணெய் விடுவார், முதல் பெண்ணின் செருப்புச் சத்தம் படியில் கேட்டதும் நைசாக நழுவிவிடுவார்.

இருபது பெண்கள் வந்தது தையலுக்காக மட்டுமில்லை. கண் ஊசியில் இருக்கும்போது வாய் தன்னால் திறந்துகொள்ளும். எதிரே இருப்பவள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை பாருங்கள். ஊசியம்மாவோ பதில் பேசாமல் தலையை மட்டும் ஆட்டுவாள். உண்மையைச் சொன்னால், முதல் இரண்டு வருஷம் அவளுக்கு அந்த ஊர் பாஷை அரைகுறை. பாதி புரியாததால்தான் தலையாட்டினாள். பெண்கள் அதை ஆழம் என்று எடுத்துக்கொண்டார்கள். பாஷை பிடிபட்டபோது, ஊசியம்மாவிடம் சொன்னால் கிணற்றில் போட்ட கல் என்று பேர் நிலைத்துவிட்டது.

ஒரே ஓர் ஆளிடம் மட்டும் அவள் சொல்வாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் ஐயா தினமும் ஒரு கேள்வி கேட்பார்: "ஜெபத்துக்கு ஏதாவது உண்டா?" மற்ற வீடுகளில் உப்பு போதுமா என்று கேட்பதுபோல, அந்த வீட்டில் அது. அவளும் சொல்வாள். தபால்காரர் மனைவிக்கு மறுபடி கரு கலைந்தது, மருந்துக்கடைப் பெண் வீட்டுக்குத் தெரியாமல் ஒருவனைக் காதலிப்பது, எல்லாம். அடுத்த வீட்டுக்காரியிடம் சொன்னால் கோள். புருஷனிடம் ஜெபத்துக்காகச் சொன்னால் கடமை. அந்த வித்தியாசத்தை அவள் மனசாரவே நம்பினாள்.

ஐயா வருஷத்துக்கு நாலு முறை சொந்த ஊர்ச் சபைக்கு ஜெபக் கடிதம் எழுதுவார். ஊழியம் எப்படி நடக்கிறது என்று ஒரு பக்கம், கடைசியில் பத்து ஜெபக் குறிப்புகள். அது நானூற்று இருபது வீடுகளுக்குப் போகும். ஆரம்பத்தில் ஊசியம்மாதான் அதை நகலெடுத்து, மடித்து, பசை தடவி ஒட்டுவாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் இரண்டாவது குழந்தை, பையன், பதினோரு நாள் இருந்துவிட்டுப் போனான். அதற்கப்புறம் அவளுக்கு எந்தக் காகிதத்தையும் தொடப் பிடிக்கவில்லை. சொந்த ஊரிலுள்ள மிஷன் அலுவலகமும் அங்கேயே அச்சடித்துக்கொள்கிறோம், ஒரு பிரதியும் ஒரு போட்டோவும் போதும் என்று சொல்லிவிட்டது. ஆக ஆறு வருஷமாக அவள் ஒரு கடிதத்தைக்கூடப் படிக்கவில்லை. என்ன எழுதுகிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ரொட்டிக்கடைக்காரர் மனைவி அந்த வகுப்புக்கு வந்து மூன்று வருஷம். வெயில் கொளுத்தினாலும் முழுக்கைச் சட்டைதான். ஒரு புதன்கிழமை எல்லாரும் போன பிறகும் துணியை மடிப்பதுபோல் மடித்து, பிரித்து, மடித்து நின்றாள்.

"ரெண்டு கோட்டு வெட்டித் தரணும். பிள்ளைங்களுக்கு. அளவுக்கு ரெண்டு சைஸ் பெருசா. ரெண்டு வருஷம் தாங்கணும்."

"அதுக்கென்ன, வெட்டிடலாம்."

"உள்பக்கம் ஒரு பை வேணும். வெளிய தெரியாம. பிறப்புச் சான்றிதழ் வைக்கிற அளவுக்கு."

ஊசியம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். ரொட்டிக்காரி சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிக் காட்டினாள். ரொட்டி அடுப்பிலிருந்து தட்டை இழுக்கிற இரும்புக் கொக்கியின் தடம் தோலில் வரிசையாக இருந்தது. சிலது பழசு, சிலது போன வாரத்தது.

அக்கா வீடு தூரத்தில் இருக்கிறது, வருஷக் கடைசிப் பள்ளி விடுமுறை தொடங்குகிற அன்றைக்குப் பிள்ளைகளோடு போய்விடப் போகிறேன் என்றாள். ரொட்டிக்காரர் விடியுமுன்னே எழுந்து வேலை செய்கிறவர், பகல் பதினொன்றுக்குப் படுத்தால் மூன்று மணிவரை அடித்துப் போட்டதுபோல் தூங்குவார். அந்த நேரம்தான் அவளுடைய வாசல். "உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன். அவர் தங்கச்சி காதுல விழுந்துச்சோ, நான் தொலைஞ்சேன்."

அந்தத் தங்கச்சியும் அதே வகுப்பில்தான் இருந்தாள். ஒலிபரப்புத் திறமையை மெச்சி எல்லாரும் அவளுக்கு ரேடியோ என்று பேர் வைத்திருந்தார்கள்.

அன்றைக்கு ராத்திரி ஐயா வழக்கம்போல் கேட்டார். ஊசியம்மா வழக்கம்போல் சொன்னாள். சொல்லும்போது அழுதாள்கூட. ஐயா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அங்கேயே ஜெபித்தார்.

இது நடந்து ஏழெட்டு மாதம் கழித்து, சொந்த ஊரிலிருந்து சபையின் பெண்கள் சங்கத் தலைவி வந்தாள். வேறொரு நாட்டில் வேலை பார்க்கிற மகளைப் பார்க்க வந்தவள், திரும்பும் வழியில் இரண்டு நாள் நம் மிஷனரி குடும்பத்தையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இறங்கினாள். பதினாறு வருஷத்தில் ஊர்ச் சபையிலிருந்து வந்த முதல் ஆள். ஊசியம்மா மூன்று நாள் வீட்டைக் கழுவினாள். ஜன்னல் கண்ணாடியை உள்ளேயும் வெளியேயும் துடைத்தாள்.

தலைவி வாசலிலேயே மகளைக் கட்டிக்கொண்டாள். "பாப்பா! எவ்வளவு வளந்துட்டே! இப்பல்லாம் படுக்கை நனையறது இல்லையே? ஸ்தோத்திரம்! உனக்காக நாலு வருஷம் ஜெபிச்சோம்டா."

மகளுக்குப் பதின்மூன்று வயது. காது நுனிவரை சிவந்துபோனாள். ஊசியம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இது இவளுக்கு எப்படித் தெரியும்? ஐயா பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் சந்தோஷத்தைத் தவிர ஒன்றும் இல்லை. அவரும் ஊர் மனுஷரைப் பார்த்துப் பதினாறு வருஷம் ஆயிற்றே.

மறுநாள் புதன்கிழமை. தலைவிக்கு ஜன்னலோரம் நாற்காலி போட்டார்கள். கையில் ரெக்சின் அட்டை போட்ட தடித்த நோட்டு. மகள் பக்கத்தில் நின்றாள், இரண்டு பக்கமும் மொழிபெயர்க்க. இந்த ஊரில் பிறந்தவள், மற்றப் பிள்ளைகள் பாண்டி ஆடுவதுபோல அவளுக்குப் பாஷை மாற்றுவது.

ஊசியம்மா பெருமையாகத்தான் ஒவ்வொருத்தரையும் அறிமுகப்படுத்தினாள். இவங்க தபால்காரர் வீட்டம்மா. இவங்க மருந்துக்கடையில வேலை பாக்கறவங்க. தலைவி ஒவ்வொரு தடவையும் நோட்டைப் புரட்டி, ஓரிடத்தில் விரலை வைத்து, "ஓ!" என்றாள். அந்த "ஓ" சரியில்லை என்று ஊசியம்மாவுக்குப் பட்டது. ஆனால் வாய் நிற்கவில்லை, பழக்க தோஷம்.

"இவங்க ரொட்டிக்கடைக்காரர் வீட்டம்மா."

தலைவி எழுந்தே விட்டாள். நேராகப் போய் ரொட்டிக்காரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது.

"நீதானாம்மா அது? உன் வீட்டுக்காரர் இன்னும் அடிக்கிறாரா? எப்பக் கிளம்பறே அக்கா வீட்டுக்கு? பிள்ளைங்க கோட்டெல்லாம் தைச்சு முடிச்சாச்சா?"

மகள் வாயைத் திறந்தாள். "அவங்க கேக்கறாங்க, உங்க..." என்று ஆரம்பித்து, அப்படியே நின்றுவிட்டாள். இருபது மெஷினும் நின்றிருந்தன. ரேடியோ கழுத்தை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மகள் அம்மாவைப் பார்த்தாள். ஊசியம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"உங்க தையல் ரொம்ப நேர்த்தியாம்," என்றாள் மகள் அந்த ஊர் பாஷையில், பிசிறில்லாமல். "இந்தக் கை ராசியான கையாம்."

"அதுக்கு ஏன் அழறாங்க?" என்றாள் ரேடியோ.

"இவங்களைப் பாத்தா அவங்க தங்கச்சி ஞாபகம் வருதாம். செத்துப்போயிட்டாங்களாம்."

ஒரே மூச்சில் இல்லாத தங்கச்சியைப் பிறக்கவும் வைத்துச் சாகவும் வைத்துவிட்டாள் பெண். பெண்கள் எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். தப்பித்தோம் என்று ஊசியம்மா மூச்சு விட்டாள். அதற்குள் தலைவி நோட்டுக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து ரொட்டிக்காரி கையில் வைத்தாள்.

ஏழெட்டு மாதத்துக்கு முன்னால் போன ஜெபக் கடிதம். நடுவில் கால் பக்கத்துக்கு ஒரு போட்டோ. மெஷினில் குனிந்திருக்கிற ரொட்டிக்காரி. ஐயா என்றைக்கோ எடுத்தது. மகள் என்ன மொழிபெயர்த்தாலும், போட்டோவை மொழிபெயர்க்க முடியாதே. சுற்றிலும் தனக்குத் தெரியாத எழுத்து, நடுவில் தன் முகம். ரொட்டிக்காரி அதை வெகுநேரம் பார்த்தாள்.

"என் படத்துக்குக் கீழ என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள். தலைவியை இல்லை, மகளை இல்லை. ஊசியம்மாவை.

ஊசியம்மா அதற்குள் அதைப் படித்திருந்தாள். தலைகீழாகவே படித்திருந்தாள். மூன்றாவது குறிப்பு: ரொட்டிக்கடை நடத்தும் ஒருவரின் மனைவிக்காக. கணவனின் அடிக்குத் தப்பி, வரும் பள்ளி விடுமுறையில் இரண்டு பிள்ளைகளோடு தமக்கை வீட்டுக்குப் போக நாடுகிறார். பத்திரமான பயணத்துக்காக ஜெபியுங்கள்.

"தையல் வகுப்பைப் பத்தி," என்றாள் ஊசியம்மா. "நீங்க நல்லா தைக்கறீங்கன்னு."

ரொட்டிக்காரி அவள் முகத்தை இன்னும் ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தாள். அதற்குள் ரேடியோ தாளை வாங்கிக்கொண்டுவிட்டாள். "அட, அண்ணிக்கு வந்த வாழ்வைப் பாரேன்! அண்ணன்கிட்ட காட்டறேன்," என்று பைக்குள் போட்டுக்கொண்டாள். அதைப் பிடுங்கினால் சந்தேகம், விட்டால் ஆபத்து. ஊசியம்மா விட்டுவிட்டாள்.

வகுப்பு கலைந்த பிறகு தலைவி சமையலறைக்கு வந்தாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஊசியம்மாவின் ஈரக் கையைத் துண்டால் துடைத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"தங்கச்சி, மனசு விட்டுக் கேக்கறேன். இப்ப உன்னால ஜெபிக்க முடியுதா?"

"என்னக்கா?"

"பையன் போனதுக்கப்புறம் உன்னால ஜெபிக்கவே முடியலன்னு ஐயா எழுதியிருந்தாரே. முழங்கால்ல நின்னு சும்மா சுவத்துச் சில்லை எண்ணிட்டு இருக்கேன்னு சொன்னியாமே. ஆறு வருஷமா செவ்வாய்க்கிழமை உனக்காக உபவாசம் இருக்கேன்மா. நான் மட்டுமில்ல, பதினோரு பேர்."

படுக்கையறைச் சுவரில் பதித்த பீங்கான் சில்லுகள் நூற்று நாற்பத்து நாலு. குழந்தை போன மூன்றாம் வாரம், விளக்கை அணைத்த பிறகு, ஒரே ஒரு தடவை, புருஷன் காதில் அவள் சொன்ன வார்த்தை அது. ஊர்ச் சபையில் முகம் தெரியாத ஆட்கள், நானூற்று இருபது வீடு, எல்லாரும் ஆறு வருஷமாக அவள் படுக்கையறையில் நின்றுகொண்டிருந்திருக்கிறார்கள். இதில் கொடுமை என்னவென்றால் அந்த அம்மாள் பொய்யாக அழவில்லை. ஆறு வருஷச் செவ்வாய்க்கிழமைகள் பட்டினி கிடந்த வயிறு. அவளை வெறுக்கவும் வழியில்லை.

விருந்தாளி பக்கத்து அறையில் இருந்ததால், புருஷனும் மனைவியும் பாட்டுப் புத்தகங்கள் அடுக்கியிருக்கிற சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கிசுகிசுத்தே சண்டை போட்டார்கள். கத்திச் சண்டை போடுவதைவிட அது கஷ்டம்.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க?"

"பேரு எழுதலையேம்மா. ஒருத்தர் பேரும் எழுதினதில்ல. அதுல நான் ரொம்பக் கவனம்."

"இந்த ஊர்ல எத்தனை ரொட்டிக்கடைங்க இருக்கு?"

ஐயா யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். ஒன்றுதான் இருந்தது.

"போட்டோ வேற போட்டிருக்கீங்க."

"அது தனியாப் போட்டது. அலுவலகத்துல அச்சடிக்கும்போது பக்கத்துல வந்துருச்சு போல." அவர் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. "நான் ஜெபத்துக்குத்தானே எழுதினேன்?"

"நானும் ஜெபத்துக்குத்தானே சொன்னேன்!" என்றாள் ஊசியம்மா. சொன்ன பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது. கையை ஓங்கிக்கொண்டு வந்தவளுக்கு அடிக்க ஆளில்லாமல் போயிற்று. சில்லுக் கணக்கைப் பற்றிக் கேட்க வாயெடுத்தாள். வரவில்லை. ஐயா பாட்டுப் புத்தக அடுக்கின் மேல் கையூன்றி நின்றார், பேயறைந்தவர்போல.

வெளியே வந்தபோது மகள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். "அம்மா, நான் பொய் சொன்னது அப்பா கடிதத்துல வருமா?" என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்டாளா, நிஜமாகக் கேட்டாளா என்று ஊசியம்மாவுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

வியாழக்கிழமை காலையில் தலைவியைப் பஸ் ஏற்றிவிட்டு, ஊசியம்மா நேராக ரொட்டிக்கடைக்குப் போனாள். கதவைத் தள்ளியதும் வாசலிலேயே நின்றுவிட்டாள். விலைப்பட்டியலுக்கும் காலண்டருக்கும் நடுவில், கண்ணாடித் தாள் உறை போட்டு, ஜெபக் கடிதம் சுவரில் ஒட்டியிருந்தது.

ரொட்டிக்காரருக்கு வாயெல்லாம் பல். "வாங்கம்மா வாங்க! பாத்தீங்களா, நம்ம வீட்டுக்காரி வெளிநாட்டுப் பேப்பர்ல! காலையிலேர்ந்து வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் காட்டிட்டு இருக்கேன்." மாவு படிந்த ஆள்காட்டி விரலை எழுத்துக்கு மேல் ஓட்டினார். "என்ன அழகான எழுத்து, பூ கோத்த மாதிரி. இது என்ன போட்டிருக்கு?" விரல் போய் நின்றது சரியாக மூன்றாவது குறிப்பில்.

"கண்ணாடி கொண்டு வரலைங்க," என்றாள் ஊசியம்மா. அவளுக்குக் கண்ணாடியே கிடையாது. ஒரு ரொட்டியை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, மூலைக்குப் போய், தபால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பதினொன்றரைக்குப் பின்பக்கமாகப் போனாள். மேலே குறட்டைச் சத்தம் கேட்டது. மாவு மூட்டைகளுக்கு நடுவில் ரொட்டிக்காரி தட்டுகளைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். ஊசியம்மா சொன்னாள். தாளில் எழுதியிருந்ததை வரிக்கு வரி சொன்னாள். யார் எழுதியது, யார் சொல்லி எழுதியது என்பதையும் சொன்னாள். "நான்தான் சொன்னேன். என் வாயால நான்தான்."

ரொட்டிக்காரி சுரண்டுவதை நிறுத்தவில்லை. கத்தவும் இல்லை.

"எத்தனை பேருக்குத் தெரியும்?"

"நானூத்தி இருபது வீடு."

அப்போதுதான் கரண்டி நின்றது. "எத்தனை மாசமா?"

"ஏழெட்டு மாசமா."

"தெரிஞ்சு என்ன பண்ணாங்க?"

"ஜெபிச்சாங்க."

ரொட்டிக்காரி அந்த எண்ணை மனதுக்குள் போட்டுப் பார்ப்பதுபோல உதட்டை அசைத்தாள். "நானூறு வீட்டுக்குத் தெரிஞ்சிருக்கு. ஒருத்தர்கூட வரலையே," என்றாள். கோபமே இல்லை அந்தக் குரலில். வெறும் ஆச்சரியம். "அவங்க தூரம். நீங்க மூணு தெரு தள்ளிதானே இருக்கீங்க?"

ஊசியம்மாவுக்கு யாரோ பளாரென்று அறைந்ததுபோல் இருந்தது. உண்மைதானே. கோட்டு வெட்டிக் கொடுத்தாள், புருஷனிடம் சொன்னாள், அழுதாள். அதோடு தன் வேலை முடிந்தது என்று எட்டு மாதம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள். வீட்டு வாசலில் ஒரு வேன் நின்றுகொண்டிருக்கிறது. அதை ஓட்ட அவளுக்குத் தெரியும்.

"நாளைக்குப் போயிடலாம்," என்றாள். "விடுமுறைக்குக் காத்திருக்க வேண்டாம். பதினொண்ணரைக்குப் பள்ளிக்கூடப் பின் கேட்டுல வேனோட நிக்கிறேன். எங்கன்னு சொல்லுங்க, கொண்டுபோய் விடறேன்."

"உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுவீங்களா?"

"மாட்டேன்."

"ஜெபத்துக்குக்கூடவா?"

"ஜெபத்துக்குக்கூட."

அன்றைக்கு ராத்திரி ஐயா சாப்பாட்டு மேஜையில் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்க வாய் வந்ததும், தண்ணீரை எடுத்துக் குடித்துக்கொண்டதும் ஊசியம்மாவுக்குத் தெரிந்தது. வெள்ளிக்கிழமை காலையில், "என்னங்க, வேன் சாவி வேணும். எங்கேன்னு கேக்காதீங்க," என்றாள். ஐயா ஆணியிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். டீசல் ரொப்பியிருக்கிறேன் என்று மட்டும் சொன்னார். அவர் எப்போது போய் ரொப்பினார் என்று அவளுக்குத் தெரியாது.

வேனின் இரண்டு பக்கமும் சபையின் பெயர் ஒரு முழ உயர எழுத்தில் இருந்தது. அதன் மேல் பழைய படுக்கை விரிப்புகளைக் கட்டிக்கொண்டு போனாள். இரண்டு பிள்ளைகளும் இரண்டு சைஸ் பெரிய கோட்டுக்குள் விரல்கூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தன. நாலு மணி நேரப் பயணம். ரொட்டிக்காரி ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இறங்கும்போது நன்றியும் சொல்லவில்லை. "அந்தத் தாள்ல என் படம் நல்லா இருந்துச்சு," என்று மட்டும் சொன்னாள். "எனக்குன்னு வேற போட்டோ கிடையாது."

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ரொட்டிக்காரர் வந்தார். படியில் கனமான காலடிச் சத்தம் கேட்டபோதே ஊசியம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. கொக்கியோடு வருவார் என்று பயந்திருந்தாள். சுவரிலிருந்து பிய்த்த தாளோடு வந்திருந்தார். ராத்திரி முழுக்கத் தூங்காத கண். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

"என் பெண்டாட்டியைக் காணோம். பிள்ளைங்களைக் காணோம். இதுல அவளைப் பத்தி ஏதோ எழுதியிருக்கு." தாளை மேஜைமேல் ஐயாவுக்கு நேராக வைத்தார். "படிங்க."

மகள் உள் அறைக் கதவருகே நின்றாள். அவளைக் கேட்டிருந்தால் அழகான பொய்யாக நாலு சொல்லியிருப்பாள். ஊசியம்மாவும் அதைத்தான் வேண்டிக்கொண்டாள். ஆண்டவரே, இந்த மனுஷர் ஒரே ஒரு பொய் சொல்லட்டும் என்று. ஆறு வருஷத்துக்கப்புறம் அவள் மனதிலிருந்து கிளம்பிய முதல் ஜெபம் அது. அது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

ஐயா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். மூன்றாவது குறிப்பை, அந்த ஊர் பாஷையில், ஒரு வார்த்தை விடாமல் படித்தார். கணவனின் அடிக்குத் தப்பி, என்ற இடத்தில் குரல் நின்றது. மறுபடி அந்த இடத்திலிருந்தே படித்தார்.

ரொட்டிக்காரர் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். "இதை எழுதினது யாரு?"

"நான்."

"எத்தனை பேர் படிச்சிருக்காங்க?"

"நானூத்தி இருபது வீட்ல."

"என்னைப் பத்தியா?" ரொட்டிக்காரர் தன் கையை விரித்துப் பார்த்தார். "இதை நான் கடைச் சுவத்துல..." என்று ஆரம்பித்து, முடிக்கவில்லை. வந்தவர் போனவர் எல்லாருக்கும் தன் விரலாலேயே தொட்டுக் காட்டியது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அந்தப் பெரிய உடம்பு கூசிச் சுருங்குவதை ஊசியம்மா பார்த்தாள். பாவமாக இருந்தது. இவனுக்குப் பாவம் பார்க்கிறோமே என்று தன் மேலேயே ஆத்திரமும் வந்தது.

"இதை எழுத எனக்கு உரிமை இல்ல," என்றார் ஐயா. "இதுல எழுதியிருக்கறதைச் செய்ய உங்களுக்கும் உரிமை இல்ல."

"அவ எங்க?"

"எனக்குத் தெரியாது."

பதினாறு வருஷமாக ஒரு பொய்யும் சொல்லாத மனுஷர் அதையும் உண்மையாகவே சொன்னார். அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் அது தெரியும். ரொட்டிக்காரர் மெதுவாக ஊசியம்மா பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு?"

தெரியாது என்று சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை. மகளும் அதைத்தான் எதிர்பார்த்தாள்.

"தெரியும்," என்றாள் ஊசியம்மா. "சொல்ல மாட்டேன்."

ஐயா திடுக்கிட்டுத் திரும்பினார். ரொட்டிக்காரர் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அவர் கை ஓங்குவதற்கும் ஐயா இடையில் போய் நிற்பதற்கும் சரியாக இருந்தது. ஆனால் அந்த அடி விழவில்லை. ஓங்கிய கை அப்படியே நின்றது. மூன்று பேர், தமிழ் படிக்கத் தெரிந்த மூன்று பேர், அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தன்னைப் பார்க்க ஆள் இருக்கிறது என்று அந்தக் கைக்கு முதல் தடவையாகத் தெரிந்ததோ என்னவோ. அவர் அதை இறக்கி, தாளை எடுத்து, நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

ஐயா கவிழ்ந்த நாற்காலியை நிமிர்த்தி அதிலேயே உட்கார்ந்தார். மனைவியை நிமிர்ந்து பார்த்தார்.

"வேற என்னெல்லாம் என்கிட்ட சொல்லாம வச்சிருக்கே?"

"இதுவரைக்கும் ஒண்ணுமில்லைங்க," என்றாள் ஊசியம்மா. "எல்லாத்தையும் சொல்லிட்டேன். அதுதான் தப்பாப் போச்சு."

அடுத்த புதன்கிழமைக்குள், அண்ணன் சொல்லக் கேட்ட மூன்றாவது குறிப்பை ரேடியோ ஊர் முழுக்க ஒலிபரப்பியிருந்தாள். அன்றைக்கு நல்ல மழை. ஐயா இருபது நாற்காலி எடுத்துப் போட்டார். ஒருத்தரும் வரவில்லை.